பாரதம் பாக்க வர்றவங்க எங்கிட்ட கேட்ட கேள்விங்க

எங்க ஊரு ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவுல, பாலாத்தங்கரை ஓரம். திரௌபதியம்மன் கோயில் ஒண்ணு உண்டு, பெருசுங்க தருமராஜா கோயில்னுதான் சொல்லும். வருஷா வருஷம்லாம் கிடையாது, ஊர்ல வரி வசூலாகி நல்லபடியா காசு சேந்தா கோடையில பாரதம் வைப்போம், மகாபாரதக் கதையும் கூத்தும்தான். வச்சா சென்னை, பெங்களூர்னு போன சனமெல்லாம் புள்ளகுட்டியோட வந்துரும். வந்து பாய போட்டு உக்காந்ததுல இருந்து ஒரே கேள்விதான். எங்க தாத்தா கூத்து ஜமாவுல தாளம் போட்டவரு, அதனால எல்லாரும் எங்கிட்டயே வர்றாங்க. தனித்தனியா சொல்லி தொண்டை காஞ்சிபோச்சு, அதான் மொத்தமா டைப் பண்ணி போட்டுட்டேன். நான் பண்டிதன்லாம் இல்ல, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனில வேலை, கூத்து பாத்து வளந்தவன், அவ்ளோதான்.

பாரதம்னா இன்னா, ராத்திரி கூத்து மட்டும்தானா?

இல்ல. மத்தியானத்துல பிரசங்கியார் உக்காந்து வில்லிபுத்தூரார் தமிழ்ல பாடின வில்லிபாரதத்துல இருந்து பாட்டு எடுத்து பாடி கதை சொல்லுவாரு, வெயிலுக்கு கெழவிங்க எல்லாம் பந்தல்ல வந்து ஒதுங்கிக்கும். ஒரு சில நாள் கதை ஓடினதுக்கு அப்பால ராத்திரில கூத்து ஆரம்பிக்கும், பத்து மணிக்கு மேல தொடங்கினா விடிஞ்சாதான் முடியும். எத்தனை நாளுங்கறது ஊருக்கு ஊரு மாறும். பகாசுரன் வதம் அன்னிக்கு பீமன் வேஷம் கட்டினவரு வண்டில சோத்தோட தெருத்தெருவா வருவாரு, அர்ச்சுனன் தபசு அன்னிக்கு உசரமா மரம் நட்டு அதுல ஏறி பாட்டு பாடி மேல இருந்து எலுமிச்சம்பழம் வீசுவாங்க, புள்ள வரம் வேணும்னு பொம்பளைங்க கீழ காத்துக்கிட்டு இருப்பாங்க. கடைசி நாள் காலைல துரியோதனன் படுகளம், சாயங்காலம் தீமிதி. செய்யாறு, ஆரணி, காஞ்சிபுரம் பக்கம் எல்லாம் கிட்டத்தட்ட இதே முறைதான்.

பாரதம் புத்தகத்த வீட்ல வச்சா சண்டை வரும்னு சொல்றாங்களே?

எங்க தெருவுல நாலு வீட்ல தினம் சண்டை, ஒரு வீட்லயும் புத்தகம்னு ஒண்ணு கிடையாது, பஞ்சாங்கத்த தவிர.

சூதாடி பொண்டாட்டிய வச்சு தோத்தவருக்கு எதுக்கு கோயிலு?

இத கேட்டது பத்தாவது படிக்கிற எங்க அக்கா பொண்ணு. கேட்டதும் பக்கத்துல இருந்த பெருசு "சாமிய அப்டிலாம் பேசக்கூடாது"ன்னுச்சு. பேசலாம்மா, பேசத்தான் கூத்தே நடக்குது. கூத்துல கோமாளியா வர்ற கட்டியக்காரன் தருமர் மூஞ்சிக்கு நேராவே நக்கல் பண்ணுவான், யாரும் கோச்சிக்கறது கிடையாது.

தருமருக்கு பகடை மேல ஆசை உண்டு, ஆடத் தெரியாது. சகுனியே அதத்தான் சொல்லி துரியோதனனுக்கு தைரியம் குடுக்கறான். பெரியப்பா கூப்ட்டாரு, மாட்டேன்னு சொன்னா மரியாதையா இருக்காதுன்னு போறாரு. வியாசர் பாரதத்துப்படி முதல்ல பொன்னு பொருளு போவுது, அப்பால நாடு போவுது, அப்பால தம்பிங்கள வைக்கிறாரு, நகுலன், சகாதேவன், அர்ச்சுனன், பீமன், இந்த வரிசைல. அடுத்து தன்னையே வைக்கிறாரு, கடைசியா பாஞ்சாலி.

இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும், நிறைய பேர் மறந்துபோறது இதுக்கு அப்பால நடந்தது. பாஞ்சாலி வரம் கேட்டு திருதராட்டிரன் எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டாரு. எல்லாம், நாடு உட்பட. இவங்க ரதம் ஏறி ஊருக்கு கிளம்பியாச்சு. பாதி வழில ஆள் வந்து இன்னொரு ஆட்டம்னு கூப்புடறான், மனுஷன் ரதத்த திருப்பிக்கிட்டு போறாரு! அந்த ரெண்டாவது ஆட்டத்துலதான் 12 வருஷம் காடு, 1 வருஷம் அஞ்ஞாத வாசம்.

எங்க லைன்ல ஒரு பையன் இருந்தான், செல்லுல ரம்மி ஆடி பைக்க வித்து, பொண்டாட்டி செயின அடகு வச்சு, கடைசில நாங்க பத்து பேர் ஆளுக்கு கொஞ்சம் போட்டு கடன அடைச்சு செயின மூட்டுக் குடுத்தோம். மூணு மாசம் கூட ஆகல, மறுபடி போயிட்டான். அன்னிக்குதான் எனக்கு அந்த ரெண்டாவது ஆட்டம் புரிஞ்சிது. முதல் தடவ தோக்கறது ஏமாந்துபோறது, ரெண்டாவது தடவ ரதத்த திருப்பறான் பாரு, அதுதான் வியாதி. 2025ல காசு வச்சு ஆடற ஆன்லைன் ஆட்டத்துக்கு மத்திய அரசே தடைச் சட்டம் போட்டுச்சு, நல்லதுதான், ஆனா சகுனி வேற வேஷத்துல வருவான்.

அப்ப கோயில் எதுக்குன்னா, அவரு அதோட நின்னுடல. காட்டுல பிருகதசுவர்னு ஒரு முனிவர் நளன் கதைய சொல்லி பகடை வித்தையையும் கத்துக் குடுக்கறாரு. அஞ்ஞாத வாசத்துல விராடன் அரண்மனைல கங்கன்னு பேர் வச்சிக்கிட்டு ராஜாவுக்கு பகடை ஆடற துணையாவே ஒரு வருஷம் கெடக்கறாரு, எந்த பகடை கெடுத்துச்சோ அதே பகடைய கைல வச்சிக்கிட்டு. அதுக்கு முன்னாடி, காட்டு வாசம் முடியற நேரத்துல நச்சுப்பொய்கை. தண்ணி குடிச்ச நாலு தம்பியும் செத்துக் கெடக்கறாங்கோ, யட்சன் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னதும் ஒருத்தன எழுப்பித் தர்றேன்றான். பீமன கேக்கல, அர்ச்சுனன கேக்கல, நகுலன் வேணும்னாரு. குந்தி பெத்ததுல நான் ஒருத்தன் இருக்கேன், மாத்ரி பெத்ததுல ஒருத்தன் இருக்கட்டும்னாரு. சூதுல முதல்ல வச்சு தோத்த தம்பி யாருன்னு மேல போய் ஒரு தடவ பாத்துக்க. எனக்கு இது ரொம்ப நாள் கழிச்சுதான் உறைச்சிது, பஸ்சுல உக்காந்து யோசிச்சிக்கிட்டே போய் ஸ்டாப்ப விட்டுட்டேன்.

அந்த சபைல அவ்ளோ பெரியவங்க இருந்தும் ஏன் யாரும் வாய தொறக்கல?

துகில் உரியற ராத்திரி எங்க ஊர்ல வேற மாதிரி இருக்கும். துச்சாதனன் வேஷக்காரரு புடவைல கை வைக்கறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தி அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டுட்டுதான் தொடுவாரு. கூத்துன்னு தெரிஞ்சும் ஜனம் மூச்சு விடாது.

பாஞ்சாலி அழுது மட்டும் நிக்கல, கேள்வி கேட்டா. இழுத்துட்டு வர வந்தவன்கிட்டயே, போய் கேட்டுட்டு வா, உங்க ராஜா தன்ன முதல்ல தோத்தாரா, என்ன முதல்ல தோத்தாரான்னா. தன்னையே தோத்தவனுக்கு அடுத்தவள வைக்க எங்க உரிமை, அதான் பாயிண்டு. பீஷ்மர் தருமம் ரொம்ப நுட்பமானது, எனக்கு சொல்லத் தெரியலன்னுட்டாரு. துரோணர் பேசல. விதுரர் பேசினாரு, ஆனா அவரு பேச்ச யாரும் மதிக்கறதே இல்ல. அப்பால ஒருத்தன் எழுந்தான் பாருங்க, விகர்ணன், துரியோதனனோட கூடப்பொறந்த தம்பி. இது தப்பு, இவங்கள ஜெயிச்சதா கணக்கு வராதுன்னான். கர்ணன்தான் அவன சின்னப் பையன் உனக்கென்ன தெரியும்னு அடக்கினது. பின்னாடி போர்ல அந்த விகர்ணன பீமன் கொல்லணும்னு வருது, கொன்னுட்டு பீமனே வருத்தப்படறான்.

நான் இத சொல்றதுக்கு காரணம் இருக்கு. முன்னாடி நான் வேலை செஞ்ச ஒரு கம்பெனில, ஸ்டிச்சிங்ல ஒரு பொண்ண டார்கெட் முடிக்கலன்னு சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் காது கூசற மாதிரி பேசினாரு. அறுபது எழுபது பேர் இருந்தோம். மெஷின் எல்லாம் நின்னுபோச்சு, ஆனா ஒருத்தரும் வாய தொறக்கல, நானும்தான். வீட்டு வாடகை, சீட்டு கட்டணும், வேலை போயிட்டான்னு ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நியாயம் இருந்துச்சு, பீஷ்மருக்கும் அப்டி ஒண்ணு இருந்திருக்கும். ரெண்டு நாள் கழிச்சு போய் அந்தப் பொண்ணுகிட்ட சாரிம்மான்னேன். அது நிமிந்து கூட பாக்கல, "பரவால்லண்ணா"ன்னு தைச்சிக்கிட்டே இருந்துச்சு. நூறு பேர்ல ஒரு விகர்ணன்தான் வருவான்னு கதையே சொல்லுது, அந்த ஒருத்தன் நானா இல்லாம போயிட்டேனேன்னு இன்னி வரைக்கும் உறுத்தல்.

கர்ணன் நல்லவரா கெட்டவரா?

இதுக்கு எங்க பக்கம் சண்டையே நடக்கும். வட ஆற்காட்டுக்காரனுக்கு கர்ணன் மேல ஒரு தனிப் பாசம், வயசாகி செத்தவங்க கருமாதிக்கு கூத்து வச்சா கர்ண மோட்சம்தான் வைப்பாங்க. குத்துயிரா கெடக்கறப்ப கிழட்டு பாப்பானா வந்து கிருஷ்ணன் கேக்க, செஞ்ச புண்ணியம் மொத்தத்தையும் தாரை வாத்துக் குடுப்பான், முகவீணைன்ற ஊதற வாத்தியம் அழும் பாருங்க, கல்லு மாதிரி இருக்கறவனும் துண்ட எடுத்து கண்ண தொடச்சிக்குவான்.

செஞ்சோத்துக் கடன்னு நாம சொல்றது அவன வச்சுதான். தேரோட்டி மகன்னு எல்லாரும் தள்ளி வச்சப்ப துரியோதனன் ஒருத்தன்தான் நாட்ட குடுத்து தோள்ல கை போட்டான். துரியோதனன் பொண்டாட்டி பானுமதியோட கர்ணன் பகடை ஆடிக்கிட்டு இருக்கறப்ப மணிமாலை அறுந்து கொட்டுது, உள்ள வந்த துரியோதனன் சந்தேகப்படல, எடுக்கவா கோக்கவான்னுதான் கேட்டான், இது வியாசர்ல கிடையாது, நம்ம தமிழ் பாரதத்துல இருக்கறது. அப்டி நம்புனவன விட்டுட்டு வர முடியாதுன்னு கிருஷ்ணன் நீ குந்தி மகன்னு சொல்லிக் கூப்ட்டப்பவும் வரல. இது தருமருக்கு தெரிய வேணாம், தெரிஞ்சா நாட்ட எங்கிட்ட குடுத்துடுவாரு, நான் துரியோதனனுக்கு குடுத்துடுவேன்னும் சொல்றான். எவ்ளோ பெரிய மனசு.

ஆனா இதே கர்ணன்தான் அந்த சபைல பாஞ்சாலிய வாயில சொல்ல முடியாத வார்த்தை சொன்னது, துணிய உரியச் சொன்னதும் அவன்தான், வியாசர்ல தெளிவா இருக்கு. கூத்துல அத கொஞ்சம் அமுக்கிடுவாங்க, நமக்கும் அது காதுல விழ வேணாம். நான் என்ன நினைக்கறேன்னா நன்றி வேற, ஜால்ரா வேற. சோறு போட்டவனுக்கு உயிரக் குடுக்கலாம், அவன் ஒரு பொண்ண அசிங்கப்படுத்தறப்ப கூட சேந்து சிரிக்கணும்னு எந்தக் கடனும் கிடையாது. துரியோதனா வேணாம்டான்னு சொல்ற அளவுக்கு நெருக்கம் இருந்த ஒரே ஆளு கர்ணன்தான், சொல்லல. நம்ம முதலாளி, நம்ம கட்சி, நம்ம சாதிக்காரன், நம்ம மச்சான்னு இருக்கறவங்களுக்கு எல்லாம் இத சொல்லணும்னு தோணும், எனக்கும் சேத்து.

பங்காளி சண்டைக்கு பாரதத்துல வழி இருக்கா? வரப்பு தகராறு எட்டு வருஷமா கோர்ட்ல இருக்கு.

கிருஷ்ணன் தூது அன்னிக்கு வாங்க, வக்கீல் பீஸ் மிச்சம். பாதி நாடு குடுன்னு கேட்டு, இல்லன்னா அஞ்சு ஊராவது குடுன்னு கேட்டு, கூத்துல அதுக்கும் கீழ இறங்கி அஞ்சு வீடாவது குடுன்னு கேப்பாங்க. ஊசிமுனை அளவு மண்ணு கூட கிடையாதுன்னான் துரியோதனன். கேக்கறப்ப கேனத்தனமா தெரியும், ஆனா நம்ம தாலுக்கா ஆபீஸ் வாசல்ல ஒரு நாள் உக்காந்து பாருங்க, முக்கா சென்ட்டுக்கு நாலு லட்சம் செலவு பண்ணிட்டு நிக்கறவங்கள பாக்கலாம். நீங்க துரியோதனனா தருமராங்கறது எனக்குத் தெரியாது, பங்காளி ரெண்டு பேருமே தன்ன தருமர்னுதான் சொல்லுவாங்க. அதனால ஒண்ணு மட்டும் கேக்கறேன், நீங்க கடைசியா எவ்ளோ வரைக்கும் இறங்கி கேட்டீங்க? அஞ்சு வீடு வரைக்கும் இறங்கிட்டுதான் சண்டைக்கு போனீங்கன்னா உங்க மேல தப்பில்ல.

நல்லதுக்காக ஒரு பொய் சொல்லலாமா?

துரோணர் வில்ல கீழ வைக்கணும்னு அவரு மகன் அசுவத்தாமன் பேரே இருந்த ஒரு ஆனைய கொன்னுட்டு, அசுவத்தாமன் செத்துட்டான்னு தருமர விட்டே சொல்ல வச்சாங்க. ஆனைன்ற வார்த்தைய மட்டும் முணுமுணுத்தாரு. அதுவரைக்கும் தரைல படாம நாலு விரக்கடை மேலயே ஓடிக்கிட்டு இருந்த அவரு ரதம் அன்னிக்கு மண்ணுல இறங்கிச்சு.

எனக்கு இத கேட்டா கல்யாணத் தரகர் ஞாபகம்தான் வரும். "பையனுக்கு சொந்த வீடு இருக்கு"ம்பாரு, வீட்ல நாலு அண்ணன் தம்பிக்கு பங்கு இருக்குங்கறத மட்டும் முணுமுணுப்பாரு. பெரிய கம்பெனில வேலைம்பாரு, கான்ட்ராக்ட்ங்கறத முழுங்கிடுவாரு. முழு பொய்ய நாலு பேர் விசாரிச்சா கண்டுபுடிச்சிடலாம், பாதி உண்மையத்தான் கண்டுபுடிக்க முடியாது.

லட்சுமணன் போட்ட கோட்ட சீதை தாண்டினதாலதானே எல்லாம்? பொண்ணுங்களுக்கு அதானே பாடம்?

சத்துவாச்சாரில இருந்து வந்த ஒரு அம்மா மருமகள பக்கத்துல வச்சிக்கிட்டே கேட்டாங்க. வால்மீகில அந்தக் கோடு கிடையாது, கம்பர்லயும் கிடையாது. கம்பர்ல ராவணன் சீதைய தொடக்கூட இல்ல, குடிசையோட மண்ண பேத்து தூக்கிட்டு போறான். கோடே இல்லாதப்ப தாண்டினது எங்க வந்துச்சு?

அந்த எடத்துல பாக்க வேண்டியது வேற. ராமன் குரல்ல மாரீசன் கத்தறான், சீதைக்கு பயம், அந்த பயத்துல பக்கத்துல இருந்த ஒரே துணையான லட்சுமணன சொல்லக்கூடாத வார்த்தை சொல்லி விரட்டிடறா. பயத்துல நாம திட்டறது எப்பவும் பக்கத்துல இருக்கறவங்களத்தான். ஆஸ்பத்திரி வராண்டாவுல கூடப்பொறந்தவங்க ஒருத்தர ஒருத்தர் கடிச்சு குதறிக்கறத நான் பாத்திருக்கேன், நானே பண்ணியும் இருக்கேன். அந்த அம்மா பதில் சொல்லல, மருமக பொண்ணு மட்டும் தண்ணி பாட்டில எங்கிட்ட நீட்டுச்சு.

விராட பருவம் படிச்சா மழை வரும்னு சொல்றது நெசமா?

நம்பிக்கை இருக்கு, வேலூர வெயிலூர்னு சொல்ற நாம அத விடவும் முடியாது. ஆனா 2021 நவம்பர்ல பாலாத்துல கரை கொள்ளாம வெள்ளம் போச்சு, அன்னிக்கு இங்க யாரும் எதையும் படிக்கல.

அரவான் கதைய கேட்டா கஷ்டமா இருக்கு, அத ஏன் வைக்கிறீங்க?

கஷ்டமா இருக்கணும்னுதான். வியாசர்ல அர்ச்சுனன் மகன் அரவான் எட்டாம் நாள் போர்ல சாவறான், அவ்ளோதான். தமிழ்ல அவன் களபலி. சாமுத்ரிகா லட்சணம், அதாவது ஒடம்புல நல்ல அடையாளம் எல்லாம் பொருந்தின ஆள பலி குடுத்தா ஜெயிக்கலாம்னு வருது, அப்டி இருக்கறது மூணே பேர், கிருஷ்ணன், அர்ச்சுனன், அரவான். முதல் ரெண்டு பேரும் போருக்கு வேணும். அதனால சின்னவன். அவனும் சரின்றான்.

எங்க கம்பெனிக்கு காலைல வேன்ல வர்ற பொண்ணுங்கள பாத்தா எனக்கு அரவான்தான். பாதி பேர் வீட்டுக்கு மூத்தது. ப்ளஸ் டூல நல்ல மார்க் வாங்கியிருக்கும், தம்பி இன்ஜினியரிங் படிக்கணும், கல்யாணச் செலவுக்கு சேக்கணும், யாராவது ஒருத்தர் வேலைக்கு போவணும்னு வீட்ல பேச்சு வர்றப்ப எல்லார் கண்ணும் அது மேலதான் போய் நிக்கும், அதுவும் சரின்னுடும். சரின்னு சொன்னதால அது பலி இல்லன்னு ஆயிடுமா? தாத்தா களபலி முடிஞ்ச ராத்திரி வீட்டுக்கு வந்தா யார்கிட்டயும் பேசமாட்டாரு. எங்க பெரிய அத்தை ஆறாவதோட நின்னவங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு நான் கேட்டதே இல்ல, கேக்கற வயசுல அவரும் இல்ல.

படுகளத்துல துரியோதனன் கெட்டவன்தானே, அவனுக்கு எதுக்கு கெழவிங்க அழுவுது?

மைதானத்துல மண்ணாலயே துரியோதனன படுக்க வச்சிருப்பாங்க, இருபது முப்பது அடிக்கு மேல இருக்கும், மீசையும் கிரீடமுமா கலர் அடிச்சு. பீமன் வந்து தொடைல அடிப்பாரு, ரத்தம் மாதிரி செவப்பு தண்ணி வரும், பாஞ்சாலி விரிச்ச கூந்தல முடிவா. அதுவரைக்கும் அடிடா அடிடான்னு கத்தின அதே சனம்தான், அடி விழுந்ததும் காந்தாரி ஒப்பாரி ஆரம்பிச்சதும் மாரடிச்சிக்கிட்டு அழும். எங்க ஆயாகிட்ட சின்ன வயசுல கேட்டேன், கெட்டவன்தானே ஆயா ஏன் அழுவுறன்னு. "அவனையும் ஒருத்தி பத்து மாசம் சொமந்தாடா"ன்னுச்சு. (காந்தாரி ரெண்டு வருஷம் சொமந்தான்னு அப்பால படிச்சேன், ஆயாகிட்ட சொல்லல.)

எல்லாம் முடிஞ்சதும் அந்த மண்ண ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கிட்டு போவாங்க, நெல்லு குதிர்ல போட்டா வெளைச்சல் குறையாதுன்னு. குதிர் போய் ரொம்ப நாளாச்சு, எங்க வீட்ல இப்ப ரேஷன் அரிசி டிரம்முக்கு கீழ ஒரு பொட்டலம் இருக்கு. துரியோதனன் மண்ணுதான்.

சின்னப் புள்ளைங்கள கூட்டிட்டு வரலாமா?

வாங்க. பகாசுரன் அன்னிக்கு கூட்டிட்டு வந்தா நல்லா சிரிக்கும். போர்வை எடுத்துட்டு வாங்க, சித்திரையா இருந்தாலும் ரெண்டு மணிக்கு மேல ஆத்துக் காத்து அடிக்கும். முன்னாடி வரிசைல உக்காராதீங்க, துச்சாதனன் வர்ற வேகத்துல பாய மிதிச்சிடுவாரு. டீக்கடை விடிய விடிய இருக்கும்.